ஏழாம் அத்தியாயம்: திரையில் தோன்றும் விகாரங்கள்

கணினியில் விளையாடிக்கொண்டிருப்பவரின் கண்ணெதிரே, அதுவரை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த காட்சியில் திடீரென்று பச்சையும் ஊதாவுமாகப் புள்ளிகள் சிதறுவதும், மலைச்சரிவு ஒன்று கூரிய முக்கோணங்களாக உடைந்து வானத்தை நோக்கி நீளுவதும், திரை முழுவதும் செங்குத்துக் கோடுகள் விழுந்து உறைந்துவிட ஓசை மட்டும் தொடர்ந்து ஒலிப்பதும் அபூர்வமான சம்பவங்கள் அல்ல. இவற்றைக் கண்டவுடன் பெரும்பாலோர் கிராஃபிக்ஸ் கார்டு போய்விட்டது என்று தீர்மானித்துப் புதிய கார்டின் விலையை விசாரிக்கத் தொடங்குகிறார்கள். வேறு சிலரோ டிரைவரை மாற்றி, விண்டோஸை அழித்து மறுபடி ஏற்றி, பெட்டியைத் திறந்து எல்லா இணைப்புகளையும் ஒரே மூச்சில் பிடுங்கிச் செருகி, குறை தீர்ந்தாலும் எதனால் தீர்ந்தது என்று அறிய வழியில்லாமல் செய்துவிடுகிறார்கள். இந்த இரண்டு அவசரத்துக்கும் இடம் கொடாமல், விகாரத்தின் உருவத்தையே முதலில் நிதானமாகக் கவனித்தால், குறை எங்கே இருக்கிறது என்பது, பெரும்பாலும், திருப்புளியைக் கையில் எடுக்கும் முன்னரே விளங்கிவிடும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

அவ்வாறு கவனிப்பதற்கு, காட்சி எந்த மார்க்கமாக நம் கண்ணுக்கு வந்து சேருகிறது என்பதை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். விளையாட்டின் கோப்புகள் டிஸ்க்கிலிருந்து கணினியின் ராமுக்கும், அங்கிருந்து கார்டில் உள்ள வீடியோ மெமரிக்கும் செல்கின்றன; கார்டின் நடுவிலிருக்கும் சில்லு ஒவ்வொரு உருவத்தையும் சிறு சிறு முக்கோணங்களாகக் கொண்டு, அவற்றின் முனைகள் திரையில் எங்கே விழும் என்று கணித்து, டெக்ஸ்சர் எனப்படும் மேற்பரப்புப் படங்களை அவற்றின்மேல் போர்த்தி, ஒளியும் நிழலும் சேர்த்து, முடிந்த படத்தை மறுபடியும் அதே வீடியோ மெமரியில் கொண்டுபோய் வைக்கிறது; அங்கிருந்துதான் அது கேபிள் வழியாக மானிட்டரை அடைகிறது. 1920-க்கு 1080 என்ற அளவுள்ள சாதாரணத் திரையில்கூட 20 லட்சத்துக்கு மேற்பட்ட பிக்சல்கள் உள்ளன. நொடிக்கு 60 படம் என்றால் அவை அனைத்தையும் நிறைவுசெய்யக் கார்டுக்குக் கிடைக்கும் அவகாசம் ஒரு நொடியில் அறுபதில் ஒரு பங்கு. இந்த வேகத்தில் ஒரு கணக்கு பிழைத்தால், அந்தப் பிழை அந்த ஒரு படத்தோடு மறைந்துபோகும். மெமரியில் தங்கியிருக்கும் டெக்ஸ்சரே கெட்டுப்போனாலோ, அந்தச் சுவரோ சட்டையோ மறுபடி ஏற்றப்படும்வரை கெட்ட நிறத்திலேயே நிற்கும். ஆதலின் மின்னி மறைகிறதா, நிலைத்து நிற்கிறதா என்பதே நாம் குறித்துக்கொள்ள வேண்டிய முதல் விஷயம்.

குறை போலத் தோன்றினும் குறையல்லாத சிலவற்றை இங்கேயே விலக்கிவிடுவது நல்லது. வேகமாகத் திரும்பும்போது படத்தின் மேற்பாதியும் கீழ்ப்பாதியும் ஒன்றோடொன்று பொருந்தாமல் குறுக்கே வெட்டுண்டாற்போல் தெரிந்தால், அது மானிட்டர் ஒரு படத்தைப் பாதி வரைந்துகொண்டிருக்கையில் கார்டு அடுத்த படத்தைக் கொடுத்துவிட்டதன் விளைவு. வி-சிங்க் என்னும் அமைப்பை இயக்கினாலோ, ஜி-சிங்க் அல்லது ஃப்ரீசிங்க் உள்ள மானிட்டரில் அதைச் செயல்படுத்தினாலோ அது நீங்கும். தூரத்துச் சுவரின்மேல் ஒட்டிய சுவரொட்டி நாம் நகர நகரப் படபடவென்று துடிப்பது, இரண்டு பரப்புகள் ஏறக்குறைய ஒரே ஆழத்தில் இருப்பதால் எது முன்னே என்று நிர்ணயிக்க இயலாமல் போவதன் பலன். அது விளையாட்டை இயற்றியவர்களின் பொறுப்பேயன்றிக் கார்டின் தோஷம் அன்று. ஓடும் உருவத்தின் பின்னே மங்கலான நிழல்வால் ஒன்று தொடர்வதும், முந்தைய படங்களைக் கலந்து விளிம்புகளை மென்மையாக்கும் நவீன முறைகளின் இயல்பே. இவற்றுள் மிகுந்த பீதியை உண்டாக்குவது ஒன்று உண்டு: கேரிஸ் மாட் முதலிய, சோர்ஸ் என்ஜினில் இயங்கும் விளையாட்டுகளில் தரையும் சுவரும் ஊதாவும் கறுப்புமான சதுரங்களாக மாறிவிடும். பார்ப்பதற்கு மெமரி சிதைந்தாற்போல் இருக்கும் அந்தத் தோற்றம், உரிய டெக்ஸ்சர் கோப்பு கிடைக்கவில்லை என்பதை அறிவிக்க அந்த என்ஜினே வேண்டுமென்று வரையும் அடையாளம். கோப்பைச் சேர்த்தால் அது போய்விடும்.

இனி, உண்மையான விகாரத்துக்கு வருவோம். அது தோன்றும்போது செய்ய வேண்டிய பரீட்சைகள் இரண்டு. இரண்டுக்கும் காசு செலவில்லை. முதலாவது, மௌஸை நகர்த்திப் பார்வையை மெதுவாகத் திருப்புவது. கறையோ புள்ளியோ கோடோ, விளையாட்டின் உலகத்தில் உள்ள பொருளோடு ஒட்டிக்கொண்டு, பொருள் நகர்ந்தால் தானும் நகர்கிறதென்றால், குறை காட்சியை உருவாக்கும் இடத்தில், அதாவது கோப்பிலோ, டிரைவரிலோ, சில்லிலோ, வீடியோ மெமரியிலோ உள்ளது. அவ்வாறன்றி, நாம் எங்கே திரும்பினாலும் திரையின் அதே மூலையில், அதே நெடுக்கில் அது அசையாமல் நிற்கிறதென்றால், மானிட்டரையோ கேபிளையோ முதலில் சந்தேகிக்க வேண்டும். இரண்டாவது பரீட்சை, விகாரம் கண்ணுக்குத் தெரியும்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதை வேறொரு சாதனத்தில், கைப்பேசியில் என்றாலும் போதும், திறந்து பார்ப்பது. ஸ்கிரீன்ஷாட் என்பது கேபிளுக்குள் நுழைவதற்கு முன் மெமரியில் இருந்த படத்தின் பிரதி. அதில் விகாரம் பதிந்திருந்தால் கேபிளும் மானிட்டரும் நிரபராதிகள். பதியவில்லையென்றால் குற்றம் அதற்கு அப்பால் உள்ளது. கார்டின் வேறொரு போர்ட், வேறொரு கேபிள், வேறொரு மானிட்டர் என்று வரிசையாக மாற்றிப் பார்த்தால் அகப்பட்டுவிடும்.

இந்தப் பரீட்சையின் அருமையை எனக்குக் காட்டியவர் எங்கள் தெருவில் வசிக்கும் கல்லூரி மாணவர் ஒருவர். இரவுக் காட்சிகளில் கரிய வானமெங்கும் வெள்ளைப் பொறிகள் பறப்பதாகச் சொல்லிக் கார்டை விற்றுவிட எண்ணியிருந்தார். ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பச் சொன்னேன். என் கைப்பேசியில் வானம் மாசற்றிருந்தது. விசாரித்தபோது, அவர் புதிதாக வாங்கிய 4கே டிவியைக் கூடத்தில் வைத்து, பக்கத்து அறையிலிருந்த கணினியிலிருந்து கதவிடுக்கின் வழியே மிக நீளமான எச்டிஎம்ஐ கேபிள் ஒன்றை இழுத்திருந்தது தெரிந்தது. நொடிக்கு 60 படம் வீதம் 4கே காட்சியை அனுப்ப அந்தக் கேபிள் நொடிக்கு 18 கிகாபிட் வேகத்தைத் தாங்க வேண்டும். நீளம் கூடக்கூட, மலிவான கம்பியில் சைகை தளர்ந்து, ஆங்காங்கே பிக்சல்கள் பொறியாகத் தெறிக்கும். செட்டிங்ஸில் 1080-க்கு இறக்கிப் பார்க்கச் சொன்னேன். பொறிகள் உடனே மறைந்தன. கணினியை டிவியின் அருகே நகர்த்திக் குட்டையான கேபிளைப் பூட்டிய பின் 4கே-யிலும் அவை திரும்பவில்லை. கார்டு இன்றும் அவரிடமே இருக்கிறது.

குறை காட்சியை உருவாக்கும் இடத்தில்தான் என்று தெளிந்தபின், அது எப்போது முதல் தோன்றுகிறது என்று பார்க்க வேண்டும். கணினியைப் போட்டவுடன், விண்டோஸ் தொடங்கும் முன்னரே, பயாஸ் திரையின் எழுத்துகளுக்கு இடையில், புள்ளிக் கோலத்துக்கு வைத்த புள்ளிகளைப்போல் சம இடைவெளியில் வண்ணப் புள்ளிகளோ கட்டங்களோ தென்பட்டால், டிரைவர் அந்நேரத்தில் இன்னும் ஏறவே இல்லையாதலால், அதை மாற்றிப் பயன் இல்லை. வீடியோ மெமரியோ அதன் இணைப்போ பழுதாகியிருப்பதற்கு அது வலுவான சான்று. விண்டோஸின் சேஃப் மோடில் திரை சுத்தமாக இருந்து, வழக்கமான நிலையில் மட்டும் கெடுகிறதென்றால் டிரைவரைச் சந்தேகிக்க இடம் உண்டு. ஆனால் சேஃப் மோடில் கார்டு தன் பலத்தில் மிகச் சிறு பங்கையே பயன்படுத்துவதால் அதை முடிவான தீர்ப்பாகக் கொள்ளலாகாது. ஒரே ஒரு விளையாட்டில் மட்டும் விகாரம் தோன்றி, அதைவிடப் பளுவான மற்றவற்றில் தோன்றவில்லையென்றால், அந்த விளையாட்டையும் அதற்கும் டிரைவருக்கும் உள்ள ஒவ்வாமையையும் முதலில் ஆராய வேண்டும்.

மென்பொருள் சிகிச்சையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். ஸ்டீம் முதலிய செயலிகளில் விளையாட்டின் கோப்புகள் பழுதின்றி இருக்கின்றனவா என்று சரிபார்க்கும் வசதி உண்டு. அதை முதலில் செய்க. அடுத்து, விண்டோஸின் டிஸ்க் கிளீனப்பில் டைரக்ட்எக்ஸ் ஷேடர் கேஷை அழித்துவிட்டு ஆடிப் பார்க்க. பின்பே டிரைவர். பழைய டிரைவரின் எச்சங்கள் தங்கியிருந்தால் புதியது சரிவர இயங்காமல் போகக்கூடும் என்பதால், இணைய இணைப்பைத் துண்டித்து, சேஃப் மோடில் டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்னும் இலவசச் செயலியால் அதை அடியோடு நீக்கி, முன்னரே இறக்கி வைத்திருந்த டிரைவரை நிறுவ வேண்டும். இணைப்பைத் துண்டிக்காவிட்டால் விண்டோஸ் தானாகவே ஒரு டிரைவரை இடையில் ஏற்றிவிடும். மிகப் புதியதே மிகச் சிறந்தது என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. அப்டேட் செய்த நாளிலிருந்து குறை தொடங்கியதென்றால், அதற்கு முந்தையதற்கே திரும்புக. திரை ஒரு கணம் கறுத்துப் பின் மீள்வது வழக்கமாக இருந்தால், ஈவென்ட் வியூவரில் 4101 என்ற எண்ணுள்ள பதிவு இருக்கிறதா என்று தேடுக. கார்டு 2 நொடிக்குள் பதில் சொல்லாவிடில் விண்டோஸ் டிரைவரை மீட்டமைக்கிறது. அந்தப் பதிவு அதன் அடையாளம். அது கார்டு தடுமாறியது என்று சொல்லுமேயன்றி ஏன் தடுமாறியது என்று சொல்லாது.

உஷ்ணத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும், ஏனெனில் இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். விளையாடத் தொடங்கியபோது எல்லாம் ஒழுங்காக இருந்து, நேரம் செல்லச் செல்ல விகாரம் தலைகாட்டி, கணினியை அணைத்து ஆறவைத்தால் நீங்கிவிடுகிறதென்றால் வெப்பமே காரணம் என்று ஊகிக்கலாம். ஜிபியு-ஸெட், எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற இலவசச் செயலிகள் கார்டின் வெப்பநிலையைக் காட்டும். அவற்றில் சில்லின் வெப்பம் 70 டிகிரி என்று கண்டதும் சந்தேகத்தைக் கைவிடுவோர் உண்டு. ஆனால் ஒரே கார்டில் வெப்பம் இடத்துக்கு இடம் வேறுபடும். சில்லின் மிகச் சூடான புள்ளியின் அளவும், மெமரியின் அளவும், கார்டு அவற்றைத் தருமாயின், தனித்தனியே காட்டப்படுகின்றன. பல கார்டுகளில் மெமரிதான் அதிகம் தவிக்கிறது. 2020-இல் வெளிவந்த ஆர்டிஎக்ஸ் 3090 கார்டில் ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரிச் சில்லுகள் அட்டையின் இரு புறங்களிலும் பதிக்கப்பட்டிருந்தன. காற்று நன்கு படாத பின்புறத்தில் இருந்தவை, சில்லு சாதாரணமான வெப்பத்தில் இருக்கும்போதே, 100 டிகிரியைத் தாண்டுவதைப் பலர் கண்டனர். அந்த வகை மெமரி 110 டிகிரியை எட்டும்போது கார்டு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆகவே மூன்று அளவுகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் பார்ப்பது பாராமைக்குச் சமம்.

நம் ஊரின் கத்திரி வெயிலில் அறையே 36, 37 டிகிரியில் இருக்கும்போது, அறை எவ்வளவு சூடேறியதோ ஏறக்குறைய அவ்வளவு கார்டின் வெப்பமும் உயர்ந்தே தீரும் என்பதையும் மறக்கலாகாது. மார்கழியில் குறையின்றி ஓடிய கார்டு சித்திரையில் புள்ளி காட்டுவதில் ஆச்சரியம் இல்லை. பெட்டியின் பக்கக் கதவைக் கழற்றி, எதிரே மேசை விசிறியை வைத்து ஆடிப் பார்த்தால் காரணம் வெப்பமா என்று உடனே புலப்படும். பின்பு தூசியைத் துடைக்க வேண்டும். மின்சாரத்தை அறவே துண்டித்து, பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலில் உள்ள நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொண்டு, புளோயரால் ஊதும்போது கார்டின் விசிறி இறக்கைகளை ஒரு விரலால் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும்; காற்றின் வேகத்தில் அவை கட்டின்றிச் சுழன்றால் பேரிங் கெடும். பல ஆண்டு உழைத்த கார்டில் தெர்மல் பேஸ்ட் காய்ந்தும், மெமரியின்மேல் உள்ள தெர்மல் பேடுகள் இறுகியும் போயிருக்கும். பேஸ்ட்டை மாற்றுவது கடினம் அன்று. பேடுகளை மாற்றுவதில் ஜாக்கிரதை வேண்டும். பழைய பேடின் தடிமன் எவ்வளவோ அவ்வளவே புதியதும் இருக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் மிகுந்தாலும் சில்லின்மேல் ஹீட்சிங்க் சரியாகப் படியாமல், முன்னிலும் மோசமான நிலை ஏற்படும். உத்தரவாதம் நடப்பில் உள்ள கார்டைத் திறப்பதற்கு முன், திருகுகளின்மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து, நிறுவனத்தின் நிபந்தனையைப் படித்துக்கொள்க.

மின்சாரக் குறைவால் புள்ளிகள் தோன்றுவதைவிட, திரை முற்றும் கறுப்பதும் கணினி திடீரென்று அணைவதுமே அதிகம். ஆயினும் இரண்டும் கலந்து வரும் சந்தர்ப்பங்கள் உண்டு. மதர்போர்டின் ஸ்லாட் கார்டுக்கு 75 வாட் வரை அளிக்கும். 6 முனை இணைப்பு ஒவ்வொன்றும் 75 வாட்டும், 8 முனை இணைப்பு 150 வாட்டும் தரவல்லவை. ஆர்டிஎக்ஸ் 3080 போன்ற 320 வாட் கார்டுக்கு, பவர் சப்ளையிலிருந்து வரும் ஒரே கேபிளின் நுனியில் பிரிந்து தொங்கும் இரண்டு இணைப்புகளையும் செருகி ஒப்பேற்றுவது சரியன்று. ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் தனிக் கேபிள் இழுக்க வேண்டும். இத்தகைய கார்டுகள் கண நேரத்துக்குத் தம் அளவுக்கு மேற்பட்ட மின்சாரத்தை இழுப்பதும் உண்டு என்பதால், பவர் சப்ளையைக் கணக்காக வாங்காமல் சற்று மிகுதியாகவே வாங்குவது நன்று. 12 வோல்ட் எச்பிடபிள்யூஆர் என்ற ஒற்றை இணைப்பு உள்ள கார்டுகளில் இன்னொரு எச்சரிக்கை வேண்டும். 2022 அக்டோபரில் ஆர்டிஎக்ஸ் 4090 விற்பனைக்கு வந்த சில நாட்களிலேயே அந்த இணைப்பு உருகிய சம்பவங்கள் வெளிவந்தன. ஆராய்ந்தவற்றுள் பலவற்றில் அது இறுதிவரை செருகப்படாமல் இருந்தது தெரிந்தது. செருகிய பின் இடைவெளி சிறிதும் தெரியாதபடி அழுத்தி, உள்ளே சென்றதும் கேபிளை உடனே மடக்காமல் சிறிது தூரம் நேராக விட வேண்டும்.

பெட்டியைத் திறந்திருக்கும் அந்தச் சமயத்திலேயே கார்டைக் கழற்றி, அதன் பொன்னிறத் தொடுமுனைகளைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளை ஊதிவிட்டுத் திரும்பவும் செருகுவது பழைய வழக்கம். பலன் தரும் வழக்கமும்கூட. கார்டு நீண்டதும் கனமானதும் ஆயின் அதன் நுனி தொய்ந்து, ஸ்லாட்டில் ஒரு பக்கம் விலகும். அடியில் ஒரு தாங்கி வைக்க வேண்டும்.

இவ்வளவும் செய்தபின் விகாரம் நீங்கவில்லையாயின், சில்லும் மெமரியும் தமக்கு விதிக்கப்பட்ட வேகத்தைத் தாங்குகின்றனவா என்று சோதிக்கும் கட்டம் வந்துவிட்டது. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் செயலியில் சில்லின் வேகத்தை 100 மெகாஹெர்ட்ஸ் குறைத்து, விகாரம் வழக்கமாகத் தோன்றும் அதே காட்சியை ஆடிப் பார்க்க. பின்பு அதைப் பழையபடி வைத்து, மெமரியின் வேகத்தை மட்டும் 300 முதல் 500 மெகாஹெர்ட்ஸ் வரை குறைத்துப் பார்க்க. இரண்டையும் ஒருசேரக் குறைத்தால் எது காரணம் என்று தெரியாமல் போகும். பொதுவாக, முக்கோணங்கள் நீளுவதும் பொறிபோல் மின்னி மறைவதும் சில்லின் தளர்ச்சியையும், கட்டங்களும் ஒழுங்கான புள்ளிகளும் கெட்ட நிறத்தில் நிலைத்த டெக்ஸ்சர்களும் மெமரியின் தளர்ச்சியையும் காட்டும். நீங்கள் வேகத்தைக் கூட்டாவிட்டாலும், பல கார்டுகள் தொழிற்சாலையிலேயே வேகம் கூட்டப்பட்டு வருகின்றன. ஆதலால் சிறிது குறைத்ததும் குணமானால் வியப்படைய வேண்டாம். இதனோடு, ஓசிசிடி செயலியிலுள்ள, வீடியோ மெமரியைச் சோதிக்கும் விராம் பரீட்சையையும் ஓட்டுக. அதில் ஒரே ஒரு பிழை காட்டினாலும் அலட்சியப்படுத்தலாகாது. கணினியின் ராமையும் மெம்டெஸ்ட்86 கொண்டு ஓர் இரவு முழுவதும் சோதித்துவிடுவது உத்தமம். பயாஸில் எக்ஸ்எம்பி என்னும் அமைப்பைப் போட்டு வேகம் கூட்டிய ராம் கெட்ட தரவைக் கார்டுக்குக் கொடுத்து, பழியைக் கார்டின்மேல் சுமத்துவதும் உண்டு.

பயாஸ் திரையிலேயே புள்ளி, வேகம் குறைத்தும் தீராத கட்டங்கள், வேறொரு கணினியில் பூட்டினும் அதே காட்சி என்று ஆகிவிட்டால், பழுது வன்பொருளிலேயே உள்ளது என்று கொள்ளலாம். சில்லை அட்டையோடு பிணைக்கும் நுண்ணிய பற்றவைப்புகள், சூடேறி ஆறுவதால் காலப்போக்கில் விரிசல் காண்பது ஒரு காரணம். இது ஏதோ கவனமின்றிப் பயன்படுத்தியவர்களுக்கு மட்டும் நேர்வது அன்று: 2008 ஜூலையில் என்விடியா நிறுவனமே மடிக்கணினிகளில் சென்ற தன் சில சில்லுகளின் பிணைப்புப் பொருள் பலவீனமானது என்று ஒப்புக்கொண்டு, 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது; 2018-இல் வெளிவந்த ஆர்டிஎக்ஸ் 2080 டிஐ கார்டுகளில் சில முதல் நாட்களிலேயே திரையில் விகாரம் காட்டியபோது, சோதனையில் தப்பிய குறையுள்ள அட்டைகள் சில சந்தைக்கு வந்துவிட்டன என்று அதே நிறுவனம் கூறியது. இவ்வாறு பழுதான கார்டைச் சமையல் அவனில் வைத்துச் சூடேற்றினால் உயிர் பெறும் என்று ஒரு யோசனை நெடுங்காலமாக உலவுகிறது. அதனால் சில நாள், சில வாரம் அது இயங்குவது உண்மையே. ஆனால் விரிசல் ஆறுவதில்லை. பிளாஸ்டிக்கும் பசையும் வெந்து எழும் நச்சுப்புகை, வீட்டார் உண்ணும் உணவு வேகும் இடத்தில் படியும். இதைச் செய்யவே வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். மெமரிச் சில்லை மாற்ற வேண்டுமாயின், ரீவொர்க் நிலையமும் பயிற்சியும் உள்ள தொழிலாளியிடமே அதை ஒப்படைக்க வேண்டும்.

பழைய கார்டு வாங்குவோர், சென்னையின் ரிச்சி தெருவில் வாங்கினாலும் தெரிந்தவரிடம் வாங்கினாலும், விலை பேசி முடிக்கும் முன் கண்ணெதிரே பளுவான விளையாட்டு ஒன்றை அரைமணி நேரமும், பின்பு விராம் பரீட்சையையும் ஓட்டிக் காட்டச் சொல்ல வேண்டும்; மறுப்பவரிடம் வாங்கலாகாது. 2022 செப்டம்பர் 15-இல் எதேரியம் என்னும் கிரிப்டோ நாணயம் தன் முறையை மாற்றி, கார்டுகளால் அதைத் தோண்டும் தொழிலுக்கு முடிவு கட்டியபின், இரவு பகலாக உழைத்த கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. அவற்றுள் நல்லவை பல உண்டெனினும், மெமரி களைத்தவையும் உண்டு.

உத்தரவாதத்தில் அனுப்பும்போது, மேற்சொன்ன பரீட்சைகளின் குறிப்பு, ஸ்கிரீன்ஷாட், பயாஸ் திரையைக் கைப்பேசியில் எடுத்த புகைப்படம், விராம் பரீட்சையின் பிழைக்கணக்கு ஆகியவற்றை பில்லோடு சேர்த்துக் கொடுத்தால், "எங்களிடம் நன்றாகத்தான் ஓடுகிறது" என்று கார்டு அப்படியே திரும்பி வருவது குறையும். சீரியல் எண் ஒட்டிய ஸ்டிக்கரைத் தொடாதீர்கள். கார்டை நிலைமின்சாரம் தடுக்கும் பையில் இட்டு, அதன் பழைய பெட்டியிலேயே அடைத்து அனுப்புங்கள். அது திரும்பும்வரை, பிராசஸருக்குள்ளேயே கிராஃபிக்ஸ் உள்ளவர்கள் மானிட்டர் கேபிளை மதர்போர்டின் பின்புறப் போர்ட்டில் செருகி மற்ற வேலைகளைக் கவனிக்கலாம். இன்டெல் பிராசஸரின் பெயர் எஃப் என்ற எழுத்தில் முடிந்தால் அந்த வசதி அதில் இராது; இரவலாக ஒரு சிறிய கார்டு தேட வேண்டியிருக்கும்.